புளியங்குளம் சந்தியில் எவர் குரல்?

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஓமந்தையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் புளியங்குளம் சந்தியைக் காண்பர். கிழக்கே நெடுங்கேணிக்குப் பாதை பிரியும் இடம் அது. பேருந்துக்காக அங்கே அரை மணி நேரம் நிற்க நேர்ந்தால் கண்ணுக்கு அதிகம் வேலை இராது, காதுக்கு உண்டு. அதிர்ஷ்ட லாபச் சீட்டு விற்பவரின் வண்டி, முன்கூட்டியே பதிவு செய்த குரலோடு வரும். நகை அடகு பிடிப்போரின் குரல் வரும். இலகு கடன், வெளிநாட்டு வேலை, ஆங்கில வகுப்பு என ஒன்றன்பின் ஒன்றாக வரும். பாண்காரரின் முச்சக்கர வண்டி, பீத்தோவன் என்ற ஜெர்மானியரின் மெட்டை அவர் பெயரும் அறியாமல் முழங்கிக்கொண்டு போகும். (அந்தப் பாண்காரர் ஒருவர்தான் தாம் சொன்ன பொருளைச் சொன்ன விலைக்குத் தருபவர் என்பது என் அபிப்பிராயம்.)

இரைச்சலைப் பற்றி முறையிடுவதற்காக இதை எழுதவில்லை. இரைச்சலுக்குச் சட்டம் இருக்கிறது. 2007 நவம்பரில் வெலிகம பள்ளிவாசல் தொடர்பான வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம், இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று தெளிவாகவே கட்டளையிட்டது. பின்பற்றுவதும் விடுவதும் வேறு கதை. என் முறைப்பாடு இன்னொன்று. அந்தச் சந்தியைச் சுற்றி வாழும் மக்களுக்கு எவருடைய குரல் மிக அவசியமோ, அவருடைய குரல் மட்டும் அங்கே ஒலிப்பதில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசு பேசுவதில்லை. நில அளவையாளர் பேசுவதில்லை. சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழாக்கித் தரும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பேசுவதில்லை. சிறு கடைக்காரருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவரும் பேசுவதில்லை. இவர்கள் எல்லோரும் ஒரு பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டு, அதன் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு, வருபவர் வரட்டும் என்று அமர்ந்திருக்கிறார்கள். கேட்டால், 'விளம்பரம் எங்கள் தொழிலுக்கு அழகல்ல' என்பார்கள்.

அழகு யாருக்கு, இழப்பு யாருக்கு என்பதுதான் கேள்வி.

புளியங்குளம் சாதாரண ஊரல்ல. 1997 மே மாதம் தொடங்கிய 'ஜயசிக்குறு' படை நடவடிக்கையின்போது நெடுங்கேணி விரைவிலேயே வீழ்ந்தது. புளியங்குளமோ மாதக்கணக்கில் போர்க்களமாகக் கிடந்தது. ஊர் முழுவதும் பெயர்ந்தது. 2002-இன் போர்நிறுத்தத்தோடு திரும்பியவர்கள் 2008-இல் மீண்டும் பெயர்ந்தார்கள். 2009-க்குப் பின் முகாம்களிலிருந்து வந்து மூன்றாம் முறை குடிசை போட்டார்கள். ஒவ்வொரு பெயர்வின்போதும் மனிதர் தூக்கிக்கொண்டு ஓடிய பையில் பிறப்புச் சான்றிதழும் காணிப் பத்திரமும் இருந்தன. பை தொலைந்த இடமும் உண்டு. மழையில் ஊறி எழுத்து அழிந்ததும் உண்டு. ஆளோடு சேர்ந்து பத்திரமும் மண்ணுக்குள் போனதும் உண்டு.

இனி, அங்குள்ள காணியின் தன்மையைப் பாருங்கள். வன்னியில் குடியேற்றத் திட்டங்களால் உருவான ஊர்களில் பெருமளவு காணிகள் 1935-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். ஊர்ப் பேச்சில் 'பெர்மிற் காணி'. இதை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு என்பதை ஓரளவு எல்லோரும் அறிவர். பின்னுரித்தாளர் ஒருவரைப் பதிவு செய்யாமல் அனுமதிப்பத்திரக்காரர் இறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை எத்தனை பேர் அறிவர்? உரித்தானவர் ஆறு மாத காலத்துக்குள் காணியில் ஆட்சி கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆறு மாதம்! கணவன் முள்ளிவாய்க்காலில் இறந்து, மனைவி மெனிக் பாமில் கம்பி வேலிக்குள் இருந்த ஆறு மாதத்தை இந்தச் சட்டத்தின் முன் வைத்துப் பாருங்கள். பின்னுரித்து வரிசையில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை தந்த அட்டவணை 2022-இல்தான் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தால் பயன்பெறக்கூடிய பெண்பிள்ளைகளிடம் அதைப் போய்ச் சொன்னவர் யார்?

இன்னொன்று. பிறர் காணியைப் பத்தாண்டுகள் எதிர்ப்பின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது 1871-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் இருந்துவரும் சட்டம். போரினால் ஊரைவிட்டு ஓடியவர் எப்படி எதிர்ப்புத் தெரிவிப்பார்? இந்த அநீதியைக் களையவே 2016-இல் 5-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்றது. நல்ல சட்டம். அதன்கீழ் வழக்கிட அது கொடுத்த அவகாசமோ இரண்டு ஆண்டுகள். அதே 2016-இல்தான் 16-ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், காணாமற்போனவர்களின் குடும்பத்தினர் மரணச் சான்றிதழ் பெறாமலே, அவர் காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெற வழி பிறந்தது. தம் பிள்ளை இறந்துவிட்டான் என்று தம் கையால் எழுதிக் கொடுக்க மறுத்த தாய்மாருக்கு அது எத்தகைய வேறுபாடு என்பதை விளக்க வேண்டியதில்லை. இவையெல்லாம் அச்சாகி வந்தன. அச்சு எவர் வீட்டுக் கதவைத் தட்டியது?

அண்மைக் கதையைச் சொல்கிறேன். 2025 மார்ச் 28-ஆம் திகதி ஒரு வர்த்தமானி வெளிவந்தது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டு, உரிமை உள்ளவர்கள் மூன்று மாதங்களுக்குள் கோரிக்கையை முன்வைக்க வேண்டும், இல்லையேல் அது அரச காணியாகக் கொள்ளப்படும் என்றது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழான அறிவித்தல். அளவைப் பட இலக்கங்களும் சட்டத் தமிழும் நிறைந்த அந்தத் தாளைப் படித்து, 'இது நம் மேட்டுக்காணிதான்' என்று கண்டுபிடிக்கக்கூடிய விவசாயி எத்தனை பேர்? காணிக்குரியவர் ஜெர்மனியிலோ தமிழகத்து அகதி முகாமிலோ இருந்தால் அதைக் காண்பதற்கான வாய்ப்புத்தான் என்ன? அரசியல்வாதிகள் குரல் எழுப்பினர், வழக்குத் தொடரப்பட்டது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அவ்வாண்டின் நடுப்பகுதியில் அரசாங்கம் அந்த வர்த்தமானியை மீளப் பெற்றது. நல்லது. நெடுங்கேணிக்கு அப்பால் முல்லைத்தீவு மாவட்டம் தொடங்குகிறது. புளியங்குளத்தாருக்கும் அங்கே உறவும் காணியும் உண்டு. அந்த மூன்று மாதங்களில் ஒரேயொரு நொத்தாரிசு, தம் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசி, 'இன்ன கிராமத்தார் இன்ன பத்திரங்களை எடுத்துக்கொண்டு இன்ன அலுவலகத்துக்குப் போங்கள். பத்திரம் இல்லாதவர் கிராம அலுவலரிடம் இன்னதைக் கேளுங்கள். மேலும் உதவி வேண்டுமானால் என் கட்டணம் இவ்வளவு' என்று ஊரில் உலவ விட்டிருந்தால், அதை விளம்பரம் என்பீர்களா, சேவை என்பீர்களா?

இரண்டும்தான் என்பேன் நான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிற்க. 'சட்டத்தரணிகளுக்கு அது விலக்கப்பட்டிருக்கிறதே' என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். சட்டத்தரணிகளின் நடத்தை, ஒழுக்கம் பற்றி இலங்கை உயர் நீதிமன்றம் 1988-இல் இயற்றிய விதிகள், அவர்கள் தம்மைத் தாமே விளம்பரப்படுத்தி வழக்குப் பிடிப்பதைத் தடுக்கின்றன. இந்தியாவிலும் வழக்கறிஞர் மன்றத்தின் 36-ஆம் விதி அதையே சொல்கிறது. 2008-இல்தான் அங்கே வழக்கறிஞர்கள் தம் பெயர், முகவரி, தகைமை முதலிய சில விவரங்களை இணையத்தில் இடலாம் என்ற தளர்வு கிடைத்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தரகு நிறுவனங்களின் வழியாக ஆள்பிடிக்கும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்குமாறு கண்டிப்பாகச் சொன்னது. அமெரிக்காவில் இந்தச் சுவர் 1977-லேயே உடைந்தது. அரிசோனாவில் இரண்டு இளம் வழக்கறிஞர்கள் நாளிதழில் தம் கட்டணப் பட்டியலை வெளியிட்டார்கள். தொழில் மன்றம் தண்டித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம், உண்மையான விலையை உண்மையாகச் சொல்வதை முற்றாகத் தடுக்க முடியாது என்று தீர்த்தது. இங்கிலாந்தின் சொலிசிற்றர்கள் 1984 முதல் விளம்பரம் செய்கிறார்கள்.

அமெரிக்கா போன வழியில் நாமும் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விபத்தில் அடிபட்டவரின் கட்டிலருகே சட்டத்தரணியின் படம் தொங்கும் நாகரிகம் நமக்கு வேண்டாம். 1988 விதிகளின் நோக்கத்தை நான் மதிக்கிறேன்: துன்பத்தில் இருப்பவனைத் துரத்திப் பிடிக்காதே என்பது அந்த நோக்கம். ஆனால், சட்டம் இன்னது என்று பொதுவில் விளக்குவதும், 'என் வழக்கை உன்னிடம் தா' என்று கெஞ்சுவதும் ஒன்றல்ல. நாளிதழில் சட்டக் கேள்வி-பதில் எழுதிய சட்டத்தரணிகளை நான் என் பணிக்காலத்தில் நிறையவே கண்டிருக்கிறேன். அவர்கள் பெயரோடும் பட்டத்தோடும் எழுதினார்கள். எழுத்தில் வந்தால் அறிவுப்பணி, ஒலியில் வந்தால் அங்காடிக் கூச்சலா? எழுத்தறிந்தவனுக்குச் சொல்லலாம், காதால் மட்டும் அறிபவனுக்குச் சொல்லலாகாது என்பது எந்த ஊர் ஒழுக்கம்? விதி ஐயத்துக்கு இடமாயிருந்தால் சங்கம் கூடித் தெளிவு பெறட்டும். விலை சொல்லாமல், அழைப்பு விடுக்காமல், விளக்கம் மட்டும் பேசட்டும். அதற்குக்கூட ஒருவரும் முன்வரவில்லை என்பதே என் கோபம். மேலும் அந்த விதிகள் சட்டத்தரணிகளுக்கானவை. நில அளவையாளரும் மொழிபெயர்ப்பாளரும் கணக்கெழுதுபவரும் தத்தம் ஒழுக்கக்கோவை என்ன சொல்கிறது என்று திறந்து பார்க்காமலே அந்த நிழலில் ஒதுங்கிக்கொள்வது ஏன்?

உண்மையில், காணி விடயத்தில் குரலுக்கு இடம் கொடுத்தது சட்டமேதான். காணிப் பிரிவினை வழக்குகளில் பறையறைந்து அறிவிக்கும் வழக்கம் நம் நாட்டு நீதிமுறையில் நெடுங்காலம் இருந்தது. காணி கைமாற்றம் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும் என்று 1840-ஆம் ஆண்டின் மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம் வகுத்தது. அதே நொத்தாரிசு, உறுதியை எழுதிக் கொடுப்பவர் தாமே படித்தறிய இயலாதவராயின், சாட்சிகள் கேட்க அதைப் படித்துக் காட்டி விளக்க வேண்டும் என்பதும், அவ்வாறு செய்ததை உறுதியின் அடியிலேயே அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்பதும் அவருடைய தொழிலின் விதி. வாய் திறப்பது நொத்தாரிசின் கடமைகளில் ஒன்று என்றே சட்டம் கருதியது! கையெழுத்திடும் மேசையில் விளக்கினால் கடமை, அதற்கு ஒரு மாதம் முன்பாக விளக்கினால் கண்ணியக் குறைவு என்ற தருக்கம் எனக்குப் பிடிபடவில்லை.

பறையைப் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. தமிழகத்தில் 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தை அரசு நிறுத்தச் சொன்னது. ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்கள் போதும் என்றது. ஒரு சமூகத்தாரின் தோளில் மட்டும் சுமத்தப்பட்டிருந்த அந்த வேலை ஒழிந்தது நன்றே. ஈழத்திலும் பறை யாருடைய கையில் இருந்தது, அவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பது நமக்குத் தெரியாததல்ல. 'கூவி அறிவிப்பது இழிந்த வேலை' என்ற எண்ணத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் ஐயுறுகிறேன். தொழில் கண்ணியம் என்று இன்று பேசப்படுவதில் ஒரு பங்கு, பழைய சாதித் திமிரின் புதிய சட்டை.

மெளனத்தால் விளைந்த கேடு என்ன? ஆள்பிடிப்பு ஒழிந்ததா? ஒழியவில்லை. கச்சேரி வாசலிலும் பிரதேச செயலக வாசலிலும் நிற்கும் தரகரின் கைக்குப் போயிற்று. அவருக்கு விதி கிடையாது, பதிவு கிடையாது, அவர் தவறு செய்தால் முறையிட ஒரு மன்றம் கிடையாது. ஆனால் அவர் பேசுகிறார்! 'அம்மா, இந்தக் கடதாசியோட அங்க போனா எடுக்க மாட்டினம், எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார்' என்று மக்களின் தமிழில் பேசுகிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு விதவை கொடுக்கும் தொகை, பல வேளைகளில் நொத்தாரிசின் கட்டணத்தைவிட அதிகம். என் உறவினர் ஒருவரின் காணி விடயத்தில் அத்தகைய தரகர் ஒருவர் இரண்டாண்டுகள் அலைக்கழித்ததை நான் அருகிருந்து பார்த்தேன். நேரே போயிருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும் காரியம் அது. நேரே யாரிடம் போவது என்று சொல்வார் இல்லை.

கடன் நிறுவனங்களின் கதை இதைவிடக் கொடியது. போர் முடிந்த பின் வன்னிக்கு முதலில் வந்து பேசிய தொழில்முறைக் குரல் அவர்களுடையதுதான். வீட்டு வாசலுக்கு வந்து, சிரித்துப் பேசி, பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்தார்கள். 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் சில நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 220 வீதம் வரை வட்டி அறவிடப்பட்டதைச் சுட்டினார். அவ்வாண்டே வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. 'வாரம் இவ்வளவு கட்டினால் போதும்' என்ற குரல் வீடு தேடி வந்தபோது, 'வாரம் இவ்வளவு என்றால் ஆண்டுக்கு இத்தனை வீதம்' என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய கணக்காளரின் குரல் எங்கே போயிருந்தது? கண்ணியத்தோடு நாற்காலியில் இருந்தது.

இதுவரை வாய் மூடியிருப்போரைச் சாடினேன். இனி, வாய் திறக்கச் சொல்லிக் காசு வாங்குவோரின் பக்கம் வருகிறேன்.

சிறு தொழில் செய்வோருக்கு 'ஒலி விளம்பரம்' செய்து தருவதாக ஒரு வணிகம் இப்போது எல்லா நகரங்களிலும் நடக்கிறது. அவர்களிடம் போனால் கிடைப்பது என்ன? கணீரென்ற ஓர் இரவல் குரல், பின்னணியில் திரைப்பட இசை, சொற்களுக்கு எதிரொலி, 'வாடிக்கையாளர்களே!' என்ற விளி. 'நம்பிக்கை, நாணயம், நேர்மை' என்ற மூன்று சொற்கள். நில அளவையாளருக்கும் இதே, புடவைக் கடைக்கும் இதே. இந்தக் குரலின் பூர்வீகம் நமக்குத் தெரியும். 1950-இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் தமிழ் விளம்பரம் ஒரு கலையாகவே வளர்ந்தது. எஸ்.பி. மயில்வாகனனைக் கடலுக்கு அப்பால் தமிழகமே காத்திருந்து கேட்டது. திரைப்பட விளம்பரத்தில் கே.எஸ். ராஜாவின் வேகத்தைப் பின்பற்ற முயன்று மூச்சு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கலைஞர்கள், அவர்களைக் குறை கூறவில்லை. சவர்க்காரமும் திரைப்படமும் விற்க அந்தக் குரல் பொருந்தும். சவர்க்காரம் எவர் குரலில் வந்தாலும் நுரைக்கும். நொத்தாரிசின் தொழிலில் விற்கப்படும் பொருள் அந்த ஆளேதான்: அவருடைய நிதானம், அவருடைய பொறுமை, 'இது என்னால் முடியாது' என்று சொல்லும் அவருடைய நாணயம். அதை இரவல் குரலில் எப்படி விற்பது?

புலம்பெயர்ந்த வானொலிகளில் இந்தச் சோதனை நம் கண் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. 1990-களிலும் 2000-களிலும் ரொறன்ரோவின் தமிழ் வானொலிகளைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும்: இரண்டு பாடல்களுக்கு நடுவே வீட்டு விற்பனை முகவர், அடைமான முகவர், வரிக் கணக்காளர், குடிவரவுச் சட்டத்தரணி என்று ஊர்வலமே போகும். இலண்டனில் 1997-இல் தொடங்கிய ஐ.பி.சி.யிலும் இதே ஊர்வலம். மெட்டுப் போட்ட விளம்பரங்களில் எது எவருடையது என்று எவருக்கும் நினைவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை கலையகத்தில் உட்கார்ந்து, நேயர்களின் கேள்விக்கு 'அக்கா, உங்கட கடிதத்தில என்ன திகதி போட்டிருக்கு எண்டு வாசியுங்கோ பாப்பம்' என்று பதில் சொன்ன கணக்காளரையும் சட்டத்தரணியையும் மக்கள் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடமே போனார்கள், தம் பிள்ளைகளையும் அனுப்பினார்கள். கோடை இடியும் குழலோசையும் சேர்த்து அலங்கரித்த குரலை அல்ல, தம் கேள்விக்குப் பதில் சொன்ன குரலை நம்பினார்கள்.

வன்னிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒலிபெருக்கி வண்டி அந்த மண்ணில் ஒரு அப்பாவிப் பொருளன்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்கலம் கொண்டு செல்லவே அனுமதி இல்லை. மிதிவண்டிச் சக்கரத்தைச் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்டுச் செய்தி அறிந்தவர்கள் அந்த மக்கள். ஒருவர் மிதிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். கேட்பது அவர்களுக்கு அத்தனை முக்கியமாயிருந்தது. அதே மக்களுக்கு வீதியில் வந்த ஒலிபெருக்கி பெரும்பாலும் கட்டளையைத்தான் கொண்டுவந்தது: எழும்பு, புறப்படு, இங்கே வா, அங்கே போகாதே. ஆயுதம் தாங்கிய எல்லாத் தரப்பினரும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆகவே, வண்டி பூட்டி ஊர்வலம் வரும் நொத்தாரிசு முதல் சுற்றிலேயே தோற்றுப்போவார்.

கைத்தொலைபேசியில் வரும் ஒலிப்பதிவு அப்படியன்று. அது எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. விரும்பினால் கேட்கலாம், விளங்காவிட்டால் மீண்டும் கேட்கலாம், நிறுத்தலாம், அயலாருக்குக் கொடுக்கலாம், பரிசிலிருக்கும் மகனுக்கு அனுப்பி 'தம்பி, இதைக் கேட்டுப்போட்டு என்ன செய்யிறதெண்டு சொல்லு' என்று கேட்கலாம். 2013-இல் வட்சப்பில் குரற்செய்தி வந்த நாளிலிருந்து நம் தாய்மார் அதைத் தம் சொந்த ஊடகமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். எழுத்துக் கூட்டத் தயங்கும் கிழவியும் அதில் சரளமாகப் பேசுகிறாள். வன்னியில் தொழில் நடத்தும் ஒருவர் இதைவிட மலிவான, இதைவிட நேரான வழியை எங்கே தேடப்போகிறார்?

எப்படிப் பேசுவது? இதற்குப் பயிலரங்கு தேவையில்லை. விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, எதிரில் ஒருவரை உட்காரவைத்து அவருக்கே சொல்வதுபோல் பேசினால் போதும். ஒரு பதிவுக்கு ஒரு பொருள்: பின்னுரித்தாளரைப் பதிவது ஒன்று, தொலைந்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுப்பது ஒன்று, வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் அனுப்புவது ஒன்று. மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தொடக்கத்திலேயே பெயர், பதிவு இலக்கம், திகதி. திகதி மிக முக்கியம். சட்டம் மாறும், அவகாசம் முடியும், ஒலிப்பதிவோ சாகாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி எவரோ பேசிய பதிவு இன்று ஒரு குடும்பத்தின் கையில் கிடைத்தால், திகதி இல்லாத அந்தக் குரல் அவர்களை முடிந்துபோன அவகாசத்தின் பின்னால் அலைய வைக்கும். மொழி, மக்கள் பேசும் மொழியாக இருக்கட்டும். சட்டச் சொல் வரும் இடத்தில் அதையும் சொல்லி, ஊர்ச் சொல்லையும் சொல்ல வேண்டும். 'அனுமதிப்பத்திரம்' என்றதும் 'பெர்மிற்' என்று சேர்த்துச் சொன்னால் எவருடைய பட்டமும் குறைந்துவிடாது.

இன்று எவருடைய குரலையும் இயந்திரம் போலி செய்யும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் பதிவில் அலுவலகம் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். பணத்தை முன்கூட்டி எவருக்கும் அனுப்பாதீர்கள் என்றும், ஐயமிருந்தால் நேரில் வந்து கேளுங்கள் என்றும் சொல்ல வேண்டும். சந்தியில் அறிந்த முகம், அதே குரலோடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஊரில் போலிக் குரல் நெடுநாள் நிற்காது. கொழும்பிலிருந்து வரும் முகம் தெரியாத நிறுவனத்துக்கு இல்லாத வசதி இது. சிறியவராக இருப்பதன் பலனும் இதுதான்.

கட்டணத்தைச் சொல்வதில்தான் எல்லோரும் தயங்குவார்கள் என்பதை அறிவேன். தொகையை வெளியில் சொன்னால் அடுத்த அலுவலகத்துக்காரர் நூறு ரூபாய் குறைப்பார், வருபவர் பேரம் பேசுவார் என்பார்கள். சட்டத்தரணிக்கு விதி தடுக்கிறதென்றால் அவர் அந்தப் பகுதியை விட்டுவிடட்டும். மற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லையென்றால், தொகையைச் சொல்வதுதான் அந்தப் பதிவில் மிகப் பயனுள்ள வாக்கியம். நெடுங்கேணியிலிருந்து பேருந்துக் காசு கொடுத்து வரும் பெண் வீட்டிலிருந்தே எவ்வளவு கொண்டுவர வேண்டும் என்று அறிந்து வருவாள். பேரத்துக்கு அஞ்சுவோரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் கட்டணத்தைப் பற்றி அவள் இன்று யாரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று பிரதேச செயலக வாசலில் போய் ஒரு நாள் நின்று பாருங்கள்.